வளர்மதி அக்காவின் இரண்டாம் புத்தகம்

கம்பெனி பஸ் கோரிமேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது வளர்மதி அக்காவின் மகள் இனியாவிடமிருந்து அழைப்பு வந்தது. "சித்தி, அம்மா பூட்டாங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. எப்போது என்று கேட்டேன். "இப்பதான். டீ கேட்டாங்க. போட்டு எடுத்துட்டு வந்தேன். அதுக்குள்ள." "வெச்சுடறேன் சித்தி, அப்பா தனியா ஒக்காந்துனு இருக்காரு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நான் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வரும் பஸ்ஸில் ஏறியிருந்தால் சீக்கிரமே அரியாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். இறங்கவில்லை. சேதராப்பட்டில் இருக்கும் கம்பெனி வரை போனேன். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, முந்தைய நாள் பேக் ஆன மாத்திரைகளின் ரெக்கார்டுகளில் ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு மேல்தான் சூப்பர்வைசரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இவ்ளோ நேரம் இன்னாத்துக்கும்மா இங்க இருந்த?" என்று கேட்டார். வளர்மதி அக்காவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நேரம் கடந்து சொல்வதே எனக்குப் பழக்கமாகிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

பேக்கிங் பிரிவுத் தோழிகள் சேர்ந்து அச்சிடும் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் எங்கள் லைன் லீடர். தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அவர் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று அச்சாகியிருக்கிறது. மற்றொன்று நல்ல புத்தகம்.

அக்கா முதலியார்பேட்டையில் ஒரு மில் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். அவர் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது மில் மூடப்பட்டது. படிப்பு அதோடு நின்றது. துணிக்கடை, பல் டாக்டரின் கிளினிக், தோல் தொழிற்சாலை என்று பல இடங்களில் வேலை பார்த்துவிட்டு எங்கள் மருந்துக் கம்பெனிக்கு வந்தார். பெயின்டர் வேலை செய்யும் முருகன் அண்ணனைத் திருமணம் செய்துகொண்டு அரியாங்குப்பத்துக்குக் குடிபோனார். ஒரே மகள் இனியா.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருடைய லைனில்தான் நின்றேன். மாத்திரை அட்டைகள் ஓடிவரும்போது குழி காலியாக இருக்கும் அட்டையைக் கண்டுபிடித்து எடுத்துப் போட வேண்டும். நான் ஒன்றை விட்டுவிட்டேன். அவர் கையை நீட்டி அதை எடுத்து என் முன்னால் வைத்தார். "பத்துல ஒண்ணு காலியா இருந்தா, அன்னிக்கு அவங்களுக்கு மாத்திர இல்ல. அவ்ளோதான் கஸ்தூரி. திட்டல, சொல்றேன்" என்றார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் "சொல்றேன்" என்றால் அன்று முழுவதும் நமக்கு வெட்கமாக இருக்கும்.

பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கை எனக்கு என்று ஆனது. அரியாங்குப்பத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நான் முதலியார்பேட்டையில் ஏறுவேன். போகவர இரண்டு மணி நேரம். மற்றவர்கள் போனில் படம் பார்ப்பார்கள், நான் தூங்குவேன். அவர் ஒற்றைக் கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டே இருப்பார். அண்ணனுக்குத்தான் செய்தி அனுப்புகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "கத எழுதறேன்" என்றார், திருடிப் பிடிபட்டவர் போல.

இனியா அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி நூலகத்திலிருந்து தடித்தடியான ஆங்கிலக் கதைப் புத்தகங்களாக எடுத்துவருவாள். மந்திர உலகம், அதில் அவள் வயதுப் பிள்ளைகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பாகங்கள். அக்காவுக்கு அந்த வேகத்தில் ஆங்கிலம் படிக்க வராது. மகள் படித்துவிட்டுக் கதையைச் சொல்வாள், அக்கா சமைத்துக்கொண்டே கேட்பார். "அவ சொல்றப்ப பாதியில நிறுத்திட்டு, 'இதத் தமிழ்ல எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா'ன்னு சொல்லுவா கஸ்தூரி. எனக்கு எப்படியோ ஆயிடும். அந்த வயசுப் பசங்களுக்கு நம்ம பாஷைல ஒரு கத இருந்தா அவ ஏன் அங்க போய் நிக்கப்போறா?" அதற்காகவே எழுதத் தொடங்கினார்.

முதல் புத்தகத்தின் பெயர் 'ஏழ்கடல் இளவரசி மின்னொளி'. விழுப்புரம் பக்கத்தில் சிறிய அளவில் பதிப்பகம் நடத்தும் ஒருவர் அதை வெளியிட்டார். கடற்கரையை ஒட்டிய ஒரு கற்பனை நகரம். பதின்மூன்று வயது மின்னொளி, தான் தொலைந்துபோன இளவரசி என்று அறிகிறாள். வெள்ளி வாள் கிடைக்கிறது. செம்பா என்று ஒரு தோழி, தடுக்கி விழுந்துகொண்டே இருப்பவள், சிரிப்பு மூட்டுவதற்காக. கடைசியில் கடலோரக் கோபுரத்தில் வாழும் கொடிய மந்திரவாதியை மின்னொளி கொல்கிறாள். மக்கள் பூமாரி பொழிகிறார்கள்.

வெளியீட்டு விழா ஒரு சின்ன அரங்கில் நடந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கம்பெனிப் பெண்கள். பேசுவதற்கு ஆள் வேண்டும் என்று அக்கா என்னைக் கேட்டிருந்தார். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்று, "கையில எடுத்தா கீழ வைக்க முடியல" என்று பேசினேன். இன்னும் நிறையப் பேசினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் புத்தகத்தில் நாற்பதாவது பக்கத்தைத் தாண்டியிருக்கவில்லை. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் தூங்கிவிட்டேன். எல்லாம் எங்கோ டிவியில் பார்த்தது போல இருந்தது. மறுநாள் பஸ்ஸில், "எந்த எடம் புடிச்சுது?" என்று ஆசையாகக் கேட்டார். "எல்லாமேதான்க்கா. எத விட்டு எதச் சொல்றது" என்றேன். அவர் முகம் எப்படி ஆனது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் நம்பினார்.

உண்மையைச் சொன்னவள் இனியா. "அம்மா, இதுல நீ எங்கயுமே இல்ல. நீ பாத்த சீரியலு, நான் சொன்ன கதைங்க, அதான் இருக்குது" என்று சொல்லிவிட்டாளாம். இதை அக்காவே என்னிடம் சொன்னார். "கொழந்தைக்குப் புரியலக்கா" என்றேன் நான். மறுபடியும் பொய். "இல்ல, அவ சரியாத்தான் சொல்றா. ஆனா உனக்குப் புடிச்சுதே" என்றார்.

ஒரு வருடம் அவர் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருநாள் பஸ்ஸில் அந்தக் கட்டைவிரல் மறுபடி அசையத் தொடங்கியது. ஆனால் இந்த முறை மெதுவாக. ஒரு வரி தட்டுவார், கோரிமேடு வரை ஜன்னலைப் பார்ப்பார், அதை அழிப்பார். எல்லாரிடமும் விநோதமான கேள்விகள் கேட்டார். எங்கள் லைனில் அஞ்சலை என்று ஒரு பெண் இருக்கிறார். காலாப்பட்டுப் பக்கம் மீனவ கிராமம். கடல் அரித்து அரித்து அவர்கள் வீடு ஒரு மழைக்காலத்தில் இடிந்து விழுந்துவிட்டது. டீ நேரத்தில் அக்கா அவரிடம் கேட்டார்: "வீட்டக் கடல் எடுத்தப்ப, மொதல்ல எதத் தூக்கினு ஓடியாந்த?"

அஞ்சலை யோசித்தார். "கொடியில இருந்த துணிய எடுத்தேன்க்கா. காயக்கூட இல்ல, ஈரமா இருந்துச்சு."

நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். அஞ்சலையும்தான். அக்கா சிரிக்கவில்லை.

தன் அப்பாவைப் பற்றி அவர் பேசியதும் அந்த நாட்களில்தான். "மில்லுல அப்பாவ எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்புடுவாங்க. மில்லு மூடினப்புறம் 'இன்னாப்பா', 'பெரியவரே', அவ்ளோதான். அவருக்கு நாப்பத்தேழு வயசுதான் அப்ப. ஒரு நாளு நானு அவர் பேரக் கத்திக் கூப்ட்டேன், வெளையாட்டுக்கு. திரும்பியே பாக்கல கஸ்தூரி. யாரையோ கூப்புடறாங்கன்னு போயினே இருந்தாரு."

எழுதி முடித்ததும் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, எனக்கு ஒரு பிரதி கொண்டுவந்து கொடுத்தார். "ரெண்டாம் பாகம். இனியா பரீட்சைக்குப் படிச்சுனு இருக்கா, அவகிட்ட இப்பக் குடுக்கல. நீதான் மொதல்ல" என்றார். நான் வீட்டுக்குப் போய் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. மேலே கரன்ட் பில்லும் கல்யாணப் பத்திரிகைகளும் சேர்ந்தன. "படிச்சுட்டிருக்கேன்க்கா", "பாதி வந்துட்டேன்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் புத்தகம் அப்படி இருந்தால் இரண்டாவது எப்படி இருக்கும் என்பது என் எண்ணம். அவர் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பதிப்பாளரின் பதில் ஒருநாள் பஸ்ஸிலேயே வந்தது. சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "மேடம், மொதல் பாகமே கட்டுப் பிரிக்காம கெடக்குது. ரெண்டாவது பாகத்தக் கையில எடுக்கறவன் மொதல் பாகத்தத் தேடுவான். மொதல் பாகத்தப் படிச்சவன் ரெண்டாவதத் தேட மாட்டான். நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

"மொதல் பாகம் இல்லாமலே தனியாப் போட முடியுமா சார்?"

"அப்ப இவங்கல்லாம் யாருன்னு கேப்பாங்க மேடம்."

அக்கா போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "அவரு சொல்றது நாயம்தான்" என்றார். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வயிற்று வலி என்று லீவு போட ஆரம்பித்தார். ஸ்கேன், பயாப்ஸி என்று அலைந்தார்கள். கட்டி வயிற்றிலிருந்து மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டிருந்தது. டாக்டர், முருகன் அண்ணனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அண்ணன் ஒன்றுமில்லை என்று சொன்னதையும், "ஒண்ணுமில்லன்னா ஏன் செருப்ப மாத்திப் போட்டுனு வர்ற" என்று அக்கா கேட்டதையும் இனியா சொன்னாள்.

நான் அந்த இரண்டாம் பாகத்தைப் படித்தது புயலுக்காகக் கம்பெனிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில். காலையிலேயே கரன்ட் போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லை. மழையில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அக்காவைப் பார்க்கப் போகும்போது ஏதாவது சொல்ல வேண்டுமே, பத்துப் பக்கமாவது புரட்டிவிடலாம் என்று ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன்.

அதில் மின்னொளிக்குப் பதினைந்து வயது. மந்திரவாதியைக் கொன்ற பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. அவன் அந்தக் கோபுரத்தில் நின்று இத்தனை காலமும் கடலைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். யாருக்கும் அது தெரியாது. அவன் போனதும் கடல் நகரத்துக்குள் வரத் தொடங்குகிறது, மாதத்துக்கு ஒரு தெரு. ஒரு பெண் தன் வீடு விழும்போது கொடியில் கிடந்த ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு ஓடிவருகிறாள். கடலை ஒரு நாள் நிறுத்த ஒருவர் தன் பெயரைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே நொத்தேர் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பத்திரம் எழுதிப் பதிபவரை இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். அவர் பேரேட்டில் பெயரை எழுதிக்கொள்கிறார். பெயரைக் கொடுத்தவர்கள் சாவதில்லை. வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் அவர்களை யாராலும் கூப்பிட முடியாது. அப்படி ஒரு வீட்டில் அம்மா தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, வாயைத் திறந்து, எந்தச் சொல்லும் வராமல் நிற்கிறாள்.

இளவரசி தினமும் காலையில் அந்தப் பேரேட்டில் ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறாள். ஒருநாள் வரிசையில் செம்பா நிற்கிறாள். முதல் புத்தகத்தில் தடுக்கி விழுந்து சிரிக்கவைத்த அதே செம்பா. அவள் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். சில பக்கங்களுக்குப் பிறகு, கூட்டத்துக்கு நடுவில் செம்பா கடலை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள், அலை எழுவதைப் பார்க்காமல். மின்னொளி அவளைக் கூப்பிட வேண்டும். ஒரு குரல் போதும், திரும்பிவிடுவாள். கூப்பிடப் பெயர் இல்லை. "ஏய்" என்கிறாள், "அம்மாடி" என்கிறாள், "நில்லு" என்கிறாள். நூறு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அவள் திரும்பவில்லை.

நான் அழுதுகொண்டிருந்தேன். வெளிச்சம் போகும்வரை படித்தேன். என் வீட்டுக்காரர் வந்து யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். கடைசிப் பக்கத்தில் மின்னொளியே பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுதுகோலை எடுத்து, தன் பெயரின் முதல் எழுத்தை எழுதுகிறாள். 'மி' என்று மட்டும். கதை அதோடு நிற்கிறது.

மறுநாள் காலையிலேயே முதல் புத்தகத்தைத் தேடி எடுத்து நாற்பதாவது பக்கத்திலிருந்து முடிவு வரை படித்தேன். அது இன்னமும் சாதாரணப் புத்தகமாகத்தான் இருந்தது. ஆனால் மந்திரவாதி கொல்லப்படும்போது அவன் மின்னொளியைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அக்கா அதை ஏன் எழுதினாரோ, அவருக்கே அப்போது தெரிந்திருக்காது. பின்னால் வந்து, தான் மோசமாக எழுதியதற்குள்ளிருந்தே அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்து, அதிலிருந்து இந்தப் புத்தகத்தை எழுதியிருக்கிறார்.

தண்ணீர் வடியாத தெருக்களில் நடந்து அரியாங்குப்பம் போனேன். அக்கா மிகவும் இளைத்திருந்தார். தலைக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, படிச்சுட்டேன். கையில எடுத்தேன், கீழ வைக்க முடியல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மொதல் புக்குக்கும் இதான சொன்ன."

"இல்லக்கா, இது வேற. இது நெஜமாவே..."

"சரி கஸ்தூரி. நல்லா இருக்குது. சந்தோசம். ஒக்காரு, காப்பி குடி" என்றார். நோயாளியைச் சந்தோஷப்படுத்த வந்திருக்கிறாள், பாவம், என்று என்மேல் அவருக்கு இரக்கம். நான் செம்பாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வேறு வழி இருந்ததா என்று இன்றும் யோசிக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. "அக்கா, மொதல் புக்க அப்ப நான் படிக்கவே இல்ல. நாப்பது பக்கம்தான் படிச்சேன். அன்னிக்கு மேடையில பொய் சொன்னேன். ரெண்டாவதையும் எடுத்து வெச்சுட்டு அஞ்சு மாசம் தொடல. நேத்துதான் படிச்சேன். அதனாலதான் சொல்றேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "அன்னிக்கு நீ பேசினத வீட்டுக்கு வந்து எழுதி வெச்சேன். டைரில" என்றார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். இரண்டாவது புத்தகத்தை அவருக்குக் கொடுக்கப் போய், முதலாவதையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்து நாட்கள் நான் அங்கே போகவில்லை. பிறகு இனியாதான் கூப்பிட்டாள். "அம்மா வரச் சொன்னாங்க சித்தி."

அன்று அவருக்கு வலி அதிகம். பேச்சு துண்டுதுண்டாக வந்தது. நான் உட்கார்ந்ததும், "எந்த எடம்?" என்றார். எனக்குப் புரியவில்லை. "எந்த எடத்துல அழுத?"

சொன்னேன். செம்பா நடந்து போவதை, "அம்மாடி" என்று கூப்பிடுவதை, நூறு பேர் திரும்புவதை. அவர் உதடு அசைந்தது. எனக்கு முன்னால் அந்த வரிகளை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத பஸ்ஸுலதான் எழுதினேன். நீ பக்கத்துல தூங்கினு இருந்த. எழுப்பிச் சொல்லலாம்னு பாத்தேன். வாணாம்னு வுட்டுட்டேன்."

"எழுப்பியிருக்கலாம்க்கா."

"ம்."

பிறகு நான் கேட்டேன். எதையும் யோசித்துக் கேட்கவில்லை, அந்தப் புயல் நாளிலிருந்து அது எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது. "அக்கா, மின்னொளி முழுசா எழுதறாளா? இல்ல யாராவது வந்து தடுத்துருவாங்களா? மூணாவதுல இன்னா ஆவுது?"

அக்கா தலையைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தார். முதல் புத்தகத்தில் அடுத்து என்ன என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. "நெஜமாவே படிச்சிருக்க" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"மூணாவது இல்ல கஸ்தூரி. அவ எழுதி முடிச்சிட்டா. கடல் நிக்குது. ஒரு நாளு. அதையும் எழுதினேன், ரெண்டு பக்கம். இனியா படிப்பாளேன்னு அழிச்சுட்டேன்." மூச்சு வாங்கினார். "அந்த எழுத்தோட நிறுத்துனா, யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சுக்குவா இல்ல."

நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு ஆறாம் நாள் பஸ்ஸில் அந்த அழைப்பு வந்தது.

அவர் போன பிறகு நான் அந்தப் பதிப்பாளரிடம் பேசினேன். நல்லபடியாகவே பேசினார், வருத்தம் தெரிவித்தார், தன்னால் முடியாது என்றார். வேறு இருவரிடமும் கேட்டேன். முதல் பாகத்தை அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். பதில் இல்லை. எங்கள் லைனில் இரண்டு பேருக்குப் படிக்கக் கொடுத்தேன். முதல் பாகம் படிக்காமல் புரியுமா என்று கேட்டு அதை வாங்கிப்போய், இருபது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. இனியா கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அம்மாவின் இரண்டாம் புத்தகத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். படித்தாளா என்று நான் கேட்கவில்லை. அழிக்கப்பட்ட பக்கங்களைப் பற்றி எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். "எழுதுங்க சித்தி. அந்த எழுத்த அவ பாதியில வுடமாட்டான்னு எனக்கும் தெரியும். எங்கம்மா பொண்ணுதான அவ" என்றாள்.

இதற்கெல்லாம் முன்பு, பதினாறாம் நாள் கருமாதிக்கு முந்தின நாள், கட்டுப் பிரிக்காத முதல் பாகப் பிரதிகளையெல்லாம் பதிப்பாளர் ஒரு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைத்திருந்தார். மரியாதைக்காகச் செய்ததுதான். முருகன் அண்ணனுக்கு அவற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று இரண்டு கையாலும் ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். "எங்க வூட்டுக்காரம்மா எழுதினது. படிச்சுப் பாருங்க." சவரம் செய்த முகத்தில் கண்ணீர் வழிய வழியக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் படித்ததில்லை. இரண்டாவது ஒன்று இருப்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாது.

நான் அண்ணனிடம் ஏதோ சொல்லப் போனேன். இனியா என் கையைப் பிடித்தாள். "வுடுங்க சித்தி. அவருக்கு இதான் அம்மா புக்கு."

வந்தவர்கள் வெயிலில் தெருவில் இறங்கி நடந்தார்கள். ஒரு பெரியவர் புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார். ஒரு பெண் அதை வெற்றிலை பாக்குப் பைக்குள் சொருகினாள். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்த ஒருவர் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே கொஞ்சம் படித்துவிட்டு மூடினார். எல்லார் கையிலும் வெள்ளி வாளோடு அந்த இளவரசி. எனக்கும் அண்ணன் ஒன்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

இதைப் படிப்பவர்கள் யாரேனும் அந்தப் புத்தகத்தை எங்காவது பார்த்தால், அதை வைத்து அவரை அளந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குமேல் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை.

வளர்மதி அக்கா, நீங்கள் எழுதிய நல்ல புத்தகத்தை நான் படித்தேன். தாமதமாகத்தான் படித்தேன், ஆனால் ஒரு வரி விடாமல் படித்தேன். இந்த முறை பொய் இல்லை. வலி இல்லாமல் தூங்குங்கள்.